மெலிவு: ஒரு பேஸ் கித்தாரைத் தேர்ந்தெடுத்த கதை

"தம்பி, நீ வாசிக்கிறது நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பாடுறப்ப நீயும் பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு."

கிள்ளானில், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு ஜாமிங் அறையில், எங்கள் குழுவில் பாடும் அக்கா இதைச் சொன்னார். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து பேர். சனிக்கிழமை இரவுகளில் கூடி, நாங்களே எழுதிய ஆறு தமிழ்ப் பாடல்களைத் திரும்பத் திரும்ப வாசிப்போம். அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியர். உரக்கப் பாடும் குரல் இல்லை அவருடையது. தாழ்வாக, வாயருகே பேசுவதைப் போல வரும். அதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டோம். அன்று கிளம்பும்போது, அடுத்த வாரம் வருவது சந்தேகம்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. என் பேஸைப் பற்றி ஒருத்தரும் குறை சொன்னதில்லை. முதல் வேலையில் கிடைத்த முதல் போனசில் வாங்கியது. ஐந்து கம்பி, உள்ளே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப். கடையில் வாசித்துப் பார்த்தபோது ஒவ்வொரு சுரமும் பியானோ மாதிரி பளிச்சென்று விழுந்தது. அந்தப் பளபளப்புக்குத்தான் காசு கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, பயிற்சியில் கைப்பேசியில் பதிவு செய்ததைக் காரில் போட்டுக் கேட்டேன். அக்கா சொன்னது சரி. அவர் ஒரு வரியை மெல்ல முடிக்கும் இடத்தில், என் விரல் கம்பியில் உரசும் சத்தம் முன்னால் வந்து நின்றது. பாட்டுக்குக் கீழே இருக்க வேண்டியது பாட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

அதற்குப் பிறகுதான் 'இருண்ட, ஆழமான' ஒலி உள்ள ஒரு பேஸைத் தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தேடலைப் பற்றியது. எந்த மாடல் வாங்கலாம் என்று சொல்வது இதன் நோக்கம் இல்லை. ஒரு ஒலியை நாம் ஏன் விரும்புகிறோம், அந்த விருப்பம் யாருக்கு இடம் விடுகிறது, யாருடைய இடத்தைப் பிடிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். 'இருண்ட', 'ஆழமான' என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு. பேஸ் கித்தாரின் தடித்த ஈ கம்பி, விரல் வைக்காமல் மீட்டினால், நொடிக்கு 41.2 முறை அதிர்கிறது. ஐந்து கம்பி பேஸில் அதற்கும் கீழே உள்ள பி கம்பி 30.9 முறை. ஆழம் என்பது இது. அடியில் உள்ள அதிர்வெண் எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. ஆனால் எந்தக் கம்பியும் ஒரே ஒரு அதிர்வெண்ணை மட்டும் தருவதில்லை. 41.2-உடன் சேர்ந்து 82.4, 123.6, 164.8 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கின்றன. இந்த மேல் மடங்குகள் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு பளபளப்பு. எவ்வளவு குறைவோ அவ்வளவு இருட்டு.

என்னுடைய ஐந்து கம்பி பேஸ் ஆழமானது, ஆனால் வெளிச்சமானது. அதற்கு நேரெதிர் பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹாஃப்னர். 1961-இல் ஹாம்பர்க்கில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது. உள்ளே கூடான உடல், 30 அங்குலக் குட்டைக் கம்பி. சாதாரண பேஸை விட ஒரு சுரம்கூடக் கீழே போகாது. ஆனாலும் பீட்டில்ஸின் தொடக்கக்கால இசைத்தட்டுகளில் அந்த பேஸ் உருண்டையாக, இருட்டாக ஒலிக்கிறது. ஆகவே, ஆழம் வேண்டும் என்று ஐந்தாவது கம்பியைத் தேடி ஓடுகிறவர், தனக்குத் தேவை இருட்டுதானா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்டுக்கொள்ளவில்லை. போனசை விட்டேன்.

இருண்ட பேஸ் ஒலியைப் பற்றிப் பேசினால் ஜேம்ஸ் ஜேமர்சனைத் தாண்டிப் போக முடியாது. 1936-இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்து, இளவயதில் டெட்ராய்டுக்கு வந்தவர். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸில்தான் தொடங்கினார். பிறகு மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், 1960-கள் முழுவதும், எத்தனையோ வெற்றிப் பாடல்களுக்குக் கீழே அவருடைய பேஸ்தான் நடந்தது. அவர் கையில் இருந்தது 1962-ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ். அப்போது எந்தக் கடையிலும் கிடைத்த சாதாரணச் சரக்கு.

அந்தச் சாதாரணச் சரக்கை அவர் எப்படி வைத்திருந்தார் என்பதில்தான் விஷயம். கம்பிகள் லா பெல்லா நிறுவனத்தின் கனமான ஃப்ளாட்வவுண்ட். அதாவது நடுக்கம்பியின் மேல் தட்டையான நாடாவைச் சுற்றிய கம்பி. தடவினால் வழவழவென்று இருக்கும், பளபளப்பு குறைவாக இருக்கும். அவற்றை அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். வியர்வையும் அழுக்கும் ஏற ஏறக் கம்பியின் மேல் மடங்குகள் இன்னும் செத்துப்போகும். பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. அது சுரத்தின் வாலைச் சீக்கிரம் வெட்டிவிடும். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். பெரிய பேஸில் பழகிய பழக்கம். கூடத்தில் ஆம்ப் எதுவும் இல்லாமல் நேராக மிக்ஸருக்குப் போகும் வயர்.

கொஞ்சம் கவனித்தால், இதில் எல்லாமே கழித்தல். தட்டைக் கம்பி ஒன்றைக் கழிக்கிறது, அழுக்கு இன்னொன்றை, ஸ்பாஞ்சு இன்னொன்றை. மீதி இருப்பதுதான் அந்தப் புகழ்பெற்ற ஒலி. இதுவரைக்கும் எல்லோரும் சொல்வது. எனக்குப் பிடிபட நாளான விஷயம் இதற்கு அடுத்தது.

ஜேமர்சன் அடக்கி வாசித்தவர் கிடையாது. அவர் பேஸ் வரிகளைத் தனியாகப் பிரித்துக் கேட்டால் மிரண்டுபோவோம். ஓயாத ஓட்டம், ஒத்திசை மாறுவதற்கு அரை அடி முன்னாலேயே எட்டிப் பார்க்கும் சுரங்கள், தாளத்தைத் தள்ளியும் இழுத்தும் விழும் அழுத்தங்கள். நான் வாசிப்பதைப் போல மூன்று மடங்கு வாசிக்கிறார். ஆனால் மார்வின் கே பாடும்போது அவர் குறுக்கே வருவதில்லை. ஏன்? ஒவ்வொரு சுரமும் விளிம்பில்லாமல் வந்து, சீக்கிரமே அடங்கிவிடுகிறது. சொல்லின் மெய்யெழுத்துகள் ஒலிக்கும் உயர் அதிர்வெண்களில் அவருடைய கித்தார் ஏறக்குறைய இல்லவே இல்லை. பாடகரின் இடம் காலியாகவே கிடக்கிறது. அதனால்தான் கீழே அவர் இஷ்டத்துக்கு ஓட முடிந்தது. இருண்ட ஒலியைப் பணிவின் அடையாளம் என்று நான் நினைத்திருந்தேன். ஜேமர்சனிடம் அது சுதந்திரத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி.

இதே இருட்டை முற்றிலும் வேறு விதமாகக் கையாண்டவர் பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் வாசித்த ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பாரெட். 2024 பிப்ரவரியில்தான் இறந்தார். ஃபெண்டர் ஜாஸ் பேஸ், அதிலும் ஃப்ளாட்வவுண்ட் கம்பிதான். ஆனால் ஜேமர்சன் ஓடுகிற இடத்தில் இவர் நிற்பார். நான்கு சுரம், பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தின் நீளம்கூட மெட்டின் பகுதி. ஒருவருக்கு இருட்டு ஓடுவதற்கான களம். இன்னொருவருக்கு நின்று மூச்சு வாங்குவதற்கான இடம். ஒலி ஒன்றாக இருந்தாலும் அதை வைத்துச் சொல்வது ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. விற்பனை வீடியோக்கள் மறைக்கும் உண்மை இது. 'இந்த பேஸ் வாங்கினால் அந்த ஒலி' என்கிறார்கள். அந்த ஒலியை வைத்து நாம் என்ன செய்யப்போகிறோம் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு. அது நம் எழுத்தைப் பற்றியது. தமிழில் இசையைப் பற்றி எழுதும் நாம் பாடல் வரியைப் பற்றி எழுதுகிறோம், குரலைப் பற்றி எழுதுகிறோம், ராகத்தைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிறோம். வாசித்தவரைப் பற்றி எழுதுவது அபூர்வம். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கித்தார் தனியொரு மெட்டாக நடப்பதைக் காதுள்ள எவரும் கேட்கலாம். அவரே மேற்கத்திய கித்தார் முறையாகப் பயின்றவர். ஆனால் எங்கள் வீட்டில் அலமாரி நிறையக் கிடந்த கேசட் அட்டைகளில் படத்தின் பெயர், பாடகர், பாடலாசிரியர், இசை என்று நான்கு தகவல் இருக்கும். பேஸ் வாசித்தது யார் என்று ஒன்றிலும் நான் பார்த்ததில்லை. மோட்டவுனிலும் இதே கதைதான். அங்கே வாசித்தவர்களின் பெயர் இசைத்தட்டு உறையில் ஒழுங்காக வந்தது 1971-இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில். அதற்குள் ஜேமர்சன் அங்கே பத்து ஆண்டுகளுக்கு மேல் வாசித்து முடித்திருந்தார். 1983-இல், 47 வயதில் இறந்தார். இறப்பதற்குச் சற்று முன் அந்த 1962 பேஸும் திருடு போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை. இருண்ட ஒலிக்கு இப்படி ஓர் ஆபத்தும் இருக்கிறது. கேட்பவர்கள் அதன் மேல் நிற்பார்கள், ஆனால் நிற்கிறோம் என்று அறிய மாட்டார்கள். இதை நான் அழகுபடுத்திச் சொல்ல விரும்பவில்லை. அது அநியாயம்தான்.

சரி, கடைக்குப் போவோம். இந்த முறை கோலாலம்பூரில் பழைய கருவிகள் விற்கும் ஒரு சின்னக் கடை. சீன அங்கிள் ஒருவர். என்ன ஒலி வேண்டும் என்று கேட்டார். இருட்டாக வேண்டும் என்றேன். சுவரில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேஸையும் பார்த்துவிட்டு, முதலில் உன் கையை மாற்று என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஓர் இயந்திரவியல்காரனாக யோசித்தால் அவர் சொன்னதுதான் சரியான வரிசை.

கம்பி ஒரு கயிறு மாதிரி. இரண்டு முனையும் கட்டியிருக்கும்போது நடுவில்தான் அதிகம் ஆடும். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டினால் மேல் மடங்குகள் முன்னால் வரும். கழுத்துப் பக்கமாகக் கையை நகர்த்தி, விரலின் சதைப் பகுதியால் மீட்டினால் அடிச் சுரம் முன்னால் வரும். ஒரு காசு செலவில்லை. பிக்கப்பும் இதே கணக்குதான். ஜாஸ் பேஸின் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் மூக்கால் பேசும். பிரிசிஷன் பேஸில் 1957 முதல் வரும் இரண்டாகப் பிளந்த ஒற்றைப் பிக்கப் நடுவாக நிற்கிறது. கிப்சன் 1959-இல் கொண்டுவந்த ஈபி-0-வில் பெரிய பிக்கப் ஒன்று கழுத்தை ஒட்டியே இருக்கும். அதற்குச் சேற்றைக் குறிக்கும் ஒரு செல்லப் பெயரே உண்டு. ஏனென்றால் அதில் இருட்டு கூடிப்போய்ச் சேறாகிவிடும். சுரம் இருக்கும், எந்தச் சுரம் என்று தெரியாது. இருட்டுக்கும் சேற்றுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. நல்ல இருண்ட பேஸில் உச்சி வெட்டப்பட்டிருக்கும். ஆனால் நடுப்பகுதியில் ஒரு கரகரப்பு மிச்சம் இருக்கும். அதைப் பிடித்துத்தான் காது சுரத்தை அடையாளம் காண்கிறது.

இதற்கு அடுத்து கம்பி. புதுக் கம்பியா பழையதா, உருண்டைச் சுற்றா தட்டைச் சுற்றா. இந்த வித்தியாசம் இசையே தெரியாத என் அம்மாவுக்குக்கூடக் கேட்டது. அடுத்தது டோன் குமிழ். அது வெறும் ஒரு மின்தேக்கி வழியாக உச்சியைத் தரையில் கொட்டிவிடும் ஏற்பாடு. இன்று வழக்கமாக 0.047 மைக்ரோஃபாரட் போடுகிறார்கள். ஃபெண்டரின் தொடக்கக்கால பேஸ்களில் 0.1 இருந்தது. மதிப்பு கூடக்கூட, இன்னும் கீழிருந்தே வெட்டத் தொடங்கும். அந்தச் சின்னப் பொருளின் விலை ஒரு தே தாரிக்கை விடக் குறைவு. மரம் என் பட்டியலில் கடைசி. ஆல்டரா மஹோகனியா என்று நண்பர்கள் மாமாக் கடையில் இரவு இரண்டு மணி வரை வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு எனக்கு அந்த வித்தியாசம் சொல்லத் தெரியாது. கம்பியை மாற்றினால் தெரியும்.

அங்கிளிடம் இன்னொன்றும் கற்றேன். பேஸைத் தனியாக வாசித்துப் பார்க்காதே என்றார். கடையிலேயே ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அதன் மேல் வாசிக்கச் சொன்னார். தனியாகக் கேட்டபோது மந்தமாக, போர்வை போர்த்தியது போல இருந்த ஒரு பழைய பிரிசிஷன் வகை பேஸ், பாட்டுக்குள் போனதும் சரியாக உட்கார்ந்தது. பளபளப்பாக ஒலித்த இன்னொன்று, பாட்டுக்குள் போனதும் இன்னொரு கித்தாராக மாறியது. நான் முதல் தடவை செய்த தவறு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. தனியறையில் நன்றாக ஒலிப்பதைக் கூட்டத்துக்காக வாங்கியிருக்கிறேன்.

அந்த மந்தமான பேஸைத்தான் வாங்கினேன். பேட்டரி இல்லை, ஒரு பிக்கப், இரண்டு குமிழ். 900 ரிங்கிட். ஃப்ளாட்வவுண்ட் கம்பிக்குத் தனியாக 200-க்கு மேல் ஆனது. மின்தேக்கியை நானே சால்டர் செய்து மாற்றினேன். பாத்திரம் கழுவும் புது ஸ்பாஞ்சு ஒன்றை வெட்டிக் கம்பிக்கு அடியில் செருகினேன். வீட்டில் அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கைப்பேசி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. வழக்கமாக நம் மூளை மேல் மடங்குகளைக் கேட்டு, இல்லாத அடிச் சுரத்தைத் தானே கற்பனை செய்துகொள்ளும். இருண்ட பேஸில் அந்த மடங்குகளும் மெலிந்திருப்பதால், கைப்பேசியில் கேட்பவருக்கு நான் கிட்டத்தட்ட இல்லை. எங்கள் பாட்டைக் கேட்கும் பலரும் கைப்பேசியில்தான் கேட்கிறார்கள். அப்புறம் அறை. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். 41.2-ஆல் வகுத்தால் ஓர் அலையின் நீளம் 8.3 மீட்டர். எங்கள் ஜாமிங் அறையின் நீளம் நான்கு மீட்டரை ஒட்டி, அதாவது அரை அலை. அதனால் ஈ கம்பியைத் தொட்டாலே அறை உறுமும், மற்ற சுரங்கள் சாதுவாகப் போகும். முதல் வாரம் பேஸைத் திட்டினேன். குற்றம் சுவரில் இருந்தது. ஆம்பை மூலையிலிருந்து நகர்த்தி வைத்ததும் கொஞ்சம் அடங்கியது.

இந்தத் தேடலின் நடுவில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. பழந்தமிழ் இசையில் மூன்று இயக்கங்கள்: மெலிவு, சமன், வலிவு. வலிவு என்பது மேல்ஸ்தாயி. கீழ்ஸ்தாயிக்குப் பெயர் மெலிவு. நாம் இன்று பேஸ் என்றதும் கனம், அடி, இடி என்கிறோம். கார் டிக்கியில் ஸ்பீக்கர் வைத்துத் தாமானையே அதிர வைக்கிறோம். கீழே இறங்குவதை மெலிதல் என்று கேட்ட காது வேறு காது. மனிதக் குரலை வைத்துப் பார்த்தால் அது துல்லியமான சொல். கீழே போகப்போகக் குரல் சன்னமாகும், பலம் குறையும். பக்கத்தில் இருப்பவர் சத்தத்தைக் குறைத்தால்தான் அது கேட்கும்.

மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவைப் பசையை அப்புகிறார்களே, அதுவும் இதே வேலைதான். தோலின் மேல் கனத்தை ஏற்றி, அதைத் தாழ்வாக, உருண்டையாகப் பேச வைக்கிறார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்குப் பின்னால் நடந்தவர்களுக்கு, வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் தெரியும். இருண்ட ஒலி நமக்குப் புதிதில்லை. கடையில் அதைக் கேட்டு வாங்கத்தான் எனக்குச் சொல் இல்லாமல் போயிற்று.

அக்கா இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். பேஸ் மாறியிருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முன்பு நான் அடக்கி வாசித்த பாட்டு ஒன்றில், பயந்துகொண்டே கூடுதலாக வாசித்தேன். சரணத்துக்கு நடுவில் அவர் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். போச்சு என்று நினைத்தேன்.

"தம்பி, என் மைக் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. இவ்வளவு வேணாம்."

குறைத்தேன். மறுபடியும் பல்லவியிலிருந்து தொடங்கினோம்.